பிரசவத்தில் ரத்தம் அதிகம் போச்சா?

"சோடியம் குறைஞ்சிருச்சாம்" என்பது எங்கள் கொங்குப் பக்கத்தில் இன்று வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு. வயதானவர் ஒருவர் திடீரென்று குழம்பிப் பேசுவார், வாந்தி எடுப்பார், எழுந்து நிற்க முடியாமல் சாய்வார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, 135க்கு மேல் இருக்க வேண்டிய சோடியம் 118தான் இருக்கிறது என்பார்கள். டிரிப் ஏறும். நாலு நாளில் தெளிந்துவிடும். "சாப்பாட்டுல உப்பு நல்லா சேத்துக்குங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். என் அம்மாவுக்கு இது மறுபடி மறுபடி நடந்தது. ஒவ்வொரு முறையும் சோடியத்தை ஏற்றினார்கள். அது ஏன் இறங்குகிறது என்று கேட்க நெடுங்காலம் யாரும் வரவில்லை.

காரணம் உப்பில் இல்லை, அம்மாவின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் இருந்தது. அந்தச் சுரப்பி செத்துப்போனது 1978இல், நான் பிறந்த ராத்திரி. தெரியவந்தது 2005இல். இடையில் போன வருஷங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. அரசுப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள் நான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிடக் கொஞ்சம் விரிவாகவே இங்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்போது பிரசவம் வீட்டில்தான். மருத்துவச்சி வந்து பார்த்தார். பிள்ளை பிறந்துவிட்டது, நஞ்சு விழவில்லை. நஞ்சு தங்கிப்போனால் கருப்பை சரியாகச் சுருங்காது. சுருங்காத கருப்பையில் ரத்தக்குழாய்களின் வாய் திறந்தே கிடக்கும். கயிற்றுக் கட்டிலுக்கு அடியில், சாணி மெழுகிய தரையில், ரத்தம் தேங்கி நின்றதை அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நினைவு தப்பிய அம்மாவை யாரோ ஒருவரின் காரில் போட்டு டவுனுக்குக் கொண்டுபோய், ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

மூன்றாம் நாள் மார்பில் பால் கட்ட வேண்டும். கட்டவில்லை. பூண்டை நெய்யில் வதக்கிக் கொடுத்தார்கள், வெந்தயக் களி கிண்டினார்கள், எங்கிருந்தோ பால்சுறாக் கருவாடு வாங்கிவந்து குழம்பு வைத்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. பசும்பாலில் தண்ணீர் கலந்து, சங்கில் ஊற்றிப் புகட்டித்தான் என்னை வளர்த்தார்கள். மாதங்கள் போயின, அம்மாவுக்குத் தூரமும் திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 24. "இருந்த ரத்தமெல்லாம் அன்னைக்கே போயிருச்சு, இனி எங்கிருந்து வரும்" என்றார் அப்பத்தா. வழி தெரியாமல் சொன்னாலும் அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது.

நாளமில்லாச் சுரப்பிகள் தங்கள் ஹார்மோனை நேராக ரத்தத்தில் விடுகின்றன. அவற்றில் பிட்யூட்டரியின் எடை அரை கிராம் அளவுதான். மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில் ஓர் எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதன் முன்பகுதி புரோலாக்டின் சுரந்தால் தாய்க்குப் பால் ஊறும். அங்கிருந்து வரும் வேறு இரண்டு ஹார்மோன்கள் சினைப்பையை இயக்குவதால் மாதவிலக்கு வருகிறது. டி.எஸ்.எச். போய்த் தைராய்டைச் சுரக்கச் சொல்கிறது. ஏ.சி.டி.எச். போய் சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரினலைக் கார்டிசால் சுரக்கச் சொல்கிறது. வளர்ச்சி ஹார்மோனும் இதே இடத்திலிருந்துதான்.

கர்ப்ப காலத்தில் பால் சுரப்புக்கான செல்கள் பெருகுவதால் பிட்யூட்டரி வழக்கமான அளவைவிட மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெருத்துவிடும். ஆனால் அதற்கு வரும் ரத்தம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. மேலும், முன்பகுதிக்கு வரும் ரத்தத்தில் பெரும்பங்கு நேரடியாக வருவதல்ல. மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ் வழியாகப் போய்விட்டு, மெல்லிய சிரைகள் வழியே, அழுத்தம் குறைந்து வருகிற ரத்தம் அது. எங்கள் அமராவதி வாய்க்காலில் கடைமடைக்காரர் படும் பாடுதான் அதற்கும். தலைமடைக்குப் போனது போக மிச்சம் வந்தால் உண்டு. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைப் பயிர். பிரசவத்தில் ரத்தம் பெருகிப்போய் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கும்போது, இந்த முன்பகுதி சில மணி நேரத்தில் கருகிவிடுகிறது. செத்த பகுதி மறுபடி வளர்வதில்லை. பின்பகுதிக்குத் தனித் தமனி உண்டு என்பதால் அது பெரும்பாலும் தப்பிக்கிறது.

இதைத் தெளிவாக எடுத்துச்சொன்னவர் ஹரால்ட் ஷீகன் என்ற பிரிட்டிஷ் நோய்க்கூறு மருத்துவர். கிளாஸ்கோ நகரின் பிரசவ மருத்துவமனையில் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்தபோது, பிரசவத்துக்குப் பின் இறந்த பெண்களின் உடல்களை அறுத்து ஆராய்ந்தார். ரத்தப்போக்கில் நிலைகுலைந்தவர்களின் பிட்யூட்டரி செத்திருப்பதைக் கண்டு 1937இல் கட்டுரை எழுதினார். அவருக்கு முன்பே 1913, 1914 வாக்கில் கிளின்ஸ்கி, சிம்மண்ட்ஸ் ஆகியோர் பிரசவித்த பெண்களிடம் பிட்யூட்டரி அழிந்திருப்பதைப் பார்த்திருந்தார்கள். ரத்தப்போக்குதான் காரணம் என்று நிலைநாட்டியது ஷீகன். பிழைத்துப்போன பெண்களையும் அவர் விடவில்லை, அவர்கள் வருஷக்கணக்கில் எப்படி வாடுகிறார்கள் என்பதையும் தொடர்ந்து எழுதினார். இந்த நோயாளிகள் எலும்பும் தோலுமாகத்தான் இருப்பார்கள் என்று அதுவரை மருத்துவ உலகம் நம்பியிருந்தது. அப்படி இருக்க வேண்டியதில்லை என்று காட்டியதும் அவர்தான். அம்மா ஒருபோதும் மெலிந்தவராக இருந்ததில்லை. அதனாலேயே அவர் நோயாளி என்று யாருக்கும் தோன்றவில்லை.

இந்த நோய் ஆளை ஒரேயடியாகச் சாய்ப்பதில்லை. சுரப்பியில் முக்கால் பங்குக்கு மேல் அழிந்தால்தான் பொதுவாக அறிகுறியே தெரியும். மிச்சம் இருக்கும் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு உடம்பு பல வருஷம் ஓட்டும். சிலருக்குப் பால் ஓரளவு வந்திருக்கும், அபூர்வமாகச் சிலர் மறுபடி கர்ப்பம்கூட ஆகியிருக்கிறார்கள். அம்மாவுக்கு முதலில் போனவை பாலும் தூரமும். அப்புறம் ஒவ்வொன்றாக, யாரும் தேதி குறித்துவைக்க முடியாதபடி மற்றவை போயின.

சித்திரை வெயிலில் அம்மா கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வியர்க்கவே வியர்க்காது. முகம் வெளுத்து, கண்ணோரத்திலும் வாயைச் சுற்றியும் மெல்லிய சுருக்கங்கள், முப்பது வயதில் ஐம்பது வயது முகம். புருவத்தின் வெளி ஓரம் உதிர்ந்திருந்தது. அக்குளில் முடியே கிடையாது. குளிக்க வைக்கும்போது நான் பார்த்திருக்கிறேன், உடம்பு வாகு என்று நினைத்துக்கொள்வோம். காலையில் பல் விளக்கிவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொள்வார். விரதம் இருந்தால் மயங்கி விழுவார். சத்து மாத்திரை தின்று தின்று நாக்கு கறுத்ததே தவிர வெளுப்பு போகவில்லை.

"சோம்பேறி" என்றார்கள். "மாமியா இருக்கற வீட்டுல மருமக படுத்துக் கெடக்கறா" என்று அத்தை முகத்துக்கு நேராகவே சொன்னார். ஒற்றைப் பெண்ணோடு நின்றுபோனதால் அப்பாவுக்கு இன்னொரு கல்யாணம் செய்யச் சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். அப்பா சம்மதிக்கவில்லை, அவர் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு. கார்டிசால் இல்லாத உடம்புக்குப் படுக்கையிலிருந்து எழுவதே மலை ஏறுவதுபோல என்று சொல்ல அன்று யாரும் இல்லை. ஹார்மோன் குறைந்தால் அது நோயாகத் தெரிவதைவிடக் குணமாகத்தான் வெளியில் தெரிகிறது. மந்தம், எரிச்சல், ஆசையின்மை, எதிலும் பிடிப்பின்மை எல்லாவற்றையும் அந்தப் பெண்ணின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாத அநியாயம் இது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. அம்மாவின் தோற்றத்தைப் பார்த்தாலே தைராய்டு ஞாபகம் வரும் என்பதால் ஒரு மருத்துவர் டி.எஸ்.எச். பார்க்கச் சொன்னார். 2.8 வந்தது. நார்மல். "தைராய்டெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த இடத்தைத்தான் வாசகர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். கழுத்தில் இருக்கும் தைராய்டே கெட்டுப்போனால், அதைத் தூண்ட பிட்யூட்டரி மேலும் மேலும் டி.எஸ்.எச். அனுப்பும், அதனால் அந்த எண் ஏறும். நம் நாட்டில் பெரும்பாலோருக்கு இருப்பது அந்த வகை. அவர்களுக்கு டி.எஸ்.எச். பரிசோதனை பொன்னானது. ஆனால் பிட்யூட்டரியே செத்திருந்தால்? தைராய்டு எவ்வளவு தூங்கினாலும் டி.எஸ்.எச். ஏறாது. குறைவாகவோ, பார்க்க நார்மலாகவோ நிற்கும். சில சமயம் எண்ணளவில் இருந்தாலும் வேலை செய்யாத டி.எஸ்.எச்.சாக இருக்கும். தைராய்டு சுரக்கும் தைராக்சினையே, அதாவது எஃப்.டி.4 என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் குட்டு உடையும். அம்மாவின் சீட்டில் அந்த வரி இல்லவே இல்லை.

பிறகு வேறோர் இடத்தில் அந்த வரியும் பார்த்தார்கள். மிகவும் குறைவு. சந்தோஷமாகத் தைராக்சின் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். ஒரு வாரம், பத்து நாள் போயிருக்கும், அம்மா வாந்தியும் மயக்கமுமாக விழுந்தார். ரத்த அழுத்தம் கிடைக்கவில்லை, சர்க்கரை 40க்குப் போய்விட்டது. தைராக்சின் உடம்பின் வேகத்தைக் கூட்டும், இருக்கிற கார்டிசாலையும் சீக்கிரம் செலவழிக்கும். கார்டிசால் சொற்பமாக உள்ளவருக்கு முதலில் அதைக் கொடுக்காமல் தைராக்சினை மட்டும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. பிட்யூட்டரி பழுது என்று சந்தேகம் இருந்தால் முதலில் கார்டிசால், அப்புறம்தான் தைராக்சின். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களுக்கு இது பாலபாடம்.

அந்த மயக்கத்தில்தான் கோவைக்குக் கொண்டுபோனோம். இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தார், புருவத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "நீங்க பொறந்தப்போ அம்மாவுக்கு ரத்தம் நிறையப் போச்சுங்களா?" என்றார். போச்சு என்றேன். "தாய்ப்பால் குடிச்சீங்களா?" இல்லை. "அதுக்கப்புறம் தூரம் வந்துதா அவங்களுக்கு?" இல்லை. காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டே, "அதேதான்" என்றார். கார்டிசாலுக்கு ரத்தம் எடுத்தவுடன், முடிவு வரும்வரை காத்திராமல் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டார். முடிவு வந்தபோது கார்டிசால் 1.2. உடம்பு அவ்வளவு இக்கட்டில் இருக்கும்போது அது 20க்குக் குறையாமல் ஏறியிருக்க வேண்டும். பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் பிட்யூட்டரி இருக்க வேண்டிய குழி கிட்டத்தட்டக் காலியாக இருந்தது.

சோடியப் புதிரும் அப்போதுதான் அவிழ்ந்தது. அம்மாவின் உடம்பில் உப்புப் பஞ்சம் இல்லை. உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டீரோன் பிட்யூட்டரியை நம்பி இல்லாததால் தப்பித்திருந்தது. ஆனால் கார்டிசால் இல்லாவிட்டால் சிறுநீரகத்தால் உபரித் தண்ணீரை வெளியேற்ற முடியாது. தண்ணீர் தங்கி, இருக்கிற உப்பு நீர்த்துப்போய், எண் குறைகிறது. காய்ச்சல், பேதி என்று வரும்போது இன்னும் கீழே போகும். வருஷக்கணக்கில் உப்பை அள்ளிப் போட்டுச் சமைத்தோம், வீணாக.

ஊசி போட்ட மறுநாள் அம்மா இட்லி கேட்டார். நாங்கள் கொடுக்காமல், அவராகக் கேட்டார். பிறகு தினமும் காலையில் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன், சில நாள் கழித்துத் தைராக்சின். மூன்றாவது மாதம் கோயில் நோன்பிக்கு நடந்தே போய்விட்டு வந்தார். அவரிடம் அப்படி ஒரு சிரிப்பு இருந்தது என்பதே எனக்கு 27 வயதில்தான் தெரியும். சினைப்பை ஹார்மோனைக் கொடுக்கும் வயது கடந்திருந்தது. 24 வயதிலிருந்து ஈஸ்ட்ரோஜன் இல்லாத எலும்பு என்பதால் மணிக்கட்டு ஒருமுறை சும்மா வழுக்கி விழுந்ததற்கே முறிந்திருந்தது. அது மட்டும் திரும்பக் கிடைக்காத இழப்பு. இளம் வயதிலேயே கண்டுபிடித்தால் மாதவிலக்கு நிற்கும் வயதுவரை அந்த ஹார்மோனையும் கொடுத்து எலும்பைக் காப்பாற்றலாம்.

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் சொந்தக்காரர்கள் பதறினார்கள். "ஒடம்பு ஊதிரும், கிட்னி போயிரும், நிறுத்திரு" என்று ஆளுக்கொரு யோசனை. நோயை அடக்க அதிக அளவில் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு, இல்லாததை ஈடுகட்ட உடம்பு தினம் சுரக்கும் அளவுக்கே கொடுப்பது வேறு. இரண்டாவதை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்னபடி அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காமல் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட ஓட வேண்டும். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் போனபோதும் இதை முன்கூட்டியே சொன்னோம். அம்மாவின் பர்ஸில் ரேஷன் கார்டு நகலோடு, இவர் ஸ்டீராய்டை நம்பி இருப்பவர் என்று எழுதிய அட்டை ஒன்று எப்போதும் இருக்கும். இன்னொன்று: இத்தகையவர்களுக்குத் தைராக்சின் அளவைச் சரிபார்க்க டி.எஸ்.எச். உதவாது, எஃப்.டி.4தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு புது மருத்துவரிடமும் இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. மூட்டு வலிக்கு உடனே கேட்கிற பொடி, மாத்திரை என்று பெயர் தெரியாமல் விற்பவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உருண்டு, வயிறு பெருத்து, கை கால் மெலிந்து, ஹார்வி குஷிங் 1932இல் விவரித்த அதே உருவம் வரும். அதற்குள் சொந்த அட்ரினல் தூங்கிப்போயிருக்கும். பயந்து சட்டென்று நிறுத்தினால் அம்மா விழுந்த அதே பள்ளத்தில்தான் விழ வேண்டும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் மருத்துவர் கண்காணிப்பில்.

பணக்கார நாடுகளில் ஷீகன் நோய் அருகிவிட்டது. கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் ஊசியும், நேரத்தில் கிடைக்கும் ரத்தமும் அங்கே அதை ஏறக்குறைய ஒழித்துவிட்டன. நம் நாட்டில் காஷ்மீரில் மருத்துவர்கள் ஊர் ஊராகத் தேடிப்பார்த்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், 20 வயதைக் கடந்த, பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்கு 3 பேருக்கு இது இருக்கக்கூடும் என்று கணித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வீட்டில் பிரசவித்தவர்கள்.

தமிழ்நாட்டில் இன்று 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. நான் பெருமைப்படுகிற எண் அது. ஆனால் 1970களிலும் 80களிலும் வீட்டுக் கட்டிலில் பெற்றவர்கள் எங்கே போனார்கள்? இன்று அறுபதும் எழுபதுமாக நம் தெருவில்தான் இருக்கிறார்கள். தூரம் நின்றதை இந்த வயதில் யாரும் விசாரிக்கப் போவதில்லை. சோர்வு என்றால் வயசு, குளிர் என்றால் வயசு, சோடியம் குறைந்தால் அதுவும் வயசு. அவர்களில் எத்தனை பேருக்கு பிட்யூட்டரி செத்திருக்கிறதோ, தேடினால்தான் தெரியும்.

இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பால் குறைவு என்றாலே இந்த நோய் என்று பயப்பட வேண்டாம். பால் குறைய நூறு காரணம் உண்டு, பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை. பிரசவத்தில் ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போக்கு இருந்து, பால் அறவே கட்டாமல், மாதங்கள் ஆகியும் தூரம் வராமல், எழ முடியாத சோர்வும் சேர்ந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்து அம்மாவுக்குப் பிரஷர், சர்க்கரை பார்க்கிறார்கள். எல்லோரும் அக்கம்பக்கத்துப் பெண்கள், திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள், எந்தப் பாட்டியும் இவர்களிடம் மறைக்க மாட்டார். அவர்கள் கையில் இருக்கும் படிவத்தில் அந்தக் கோவை மருத்துவரின் மூன்று கேள்விகளையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன். மூன்றுக்கும் அம்மாவைப் போலப் பதில் வந்தால், காலை எட்டு மணிக் கார்டிசால், எஃப்.டி.4, டி.எஸ்.எச்., சோடியம் நான்கையும் பார்த்துவிட்டு, பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நாளமில்லாச் சுரப்பிப் பிரிவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு சீட்டு எழுதிக்கொடுத்து அனுப்பட்டும்.